வியாழக்கிழமைக் கையெழுத்து

பிச்சுமணி சாரை இணைய வங்கிக்கு மாற்றியதற்காக மண்டல அலுவலகத்தில் எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். மட்டாஞ்சேரிக் கிளையின் வியாபாரக் கணக்குகளில் கடைசியாக மாறியவர் அவர். அவரோடு நூற்றுக்கு நூறு ஆயிற்று. சட்டம் போட்டு மேசைக்குப் பின்னால் மாட்டச் சொன்னார் மேனேஜர் ஹரிநாராயணன். நான் அதைப் பீரோவில் பழைய படிவங்களுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறேன்.

என் பெயர் இசக்கிசெல்வி. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஆறு வருடத்துக்கு முன்னால் மாற்றலாகி இங்கே வந்தேன். பஜார் ரோட்டு வியாபாரிகளைக் கவுண்டரிலிருந்து கிளப்பி போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் அனுப்பிவைப்பது என் வேலை. வீட்டில் வாயாடி என்று திட்டு வாங்கிய வாய் இங்கே சோறு போட்டது.

மாறாதவர்களிடம் காரணம் கேட்டு எழுத ஒரு படிவம் உண்டு. பாதுகாப்பு பற்றிய பயம், பயன்படுத்தத் தெரியாமை, கட்டணம் என்று எட்டுக் கட்டங்கள். ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். எட்டையும் யோசித்தவர் பஜார் ரோட்டில் ஒரு நாள்கூட நின்றிருக்க மாட்டார். ஒரு மிளகு வியாபாரி ராகு காலம் கழித்துத்தான் பணம் அனுப்புவார். கம்ப்யூட்டர் எப்போது அனுப்பும் என்று யார் கண்டது என்று கேட்டார். இன்னொருவருக்குப் பாங்கின் ரப்பர் முத்திரை விழுந்த சீட்டு கையில் இருந்தால்தான் லாரிக்காரனிடம் குரல் எழும்பும். மூன்றாமவர் பையனுக்குத் தெரியாமல் தங்கைக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் போட்டால் பையன் பார்த்துவிடுவான். இவர்களை எல்லாம் நான் ஒவ்வொருவராகப் பேசிக் கவிழ்த்துவிட்டேன். பிச்சுமணி சார் மட்டும் பிடி கொடுக்கவில்லை.

அவருக்கு அப்போது அறுபத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுள்ளிக்கல்லில் இரண்டு அறை வீடு. தாத்தா காலத்தில் பாலக்காட்டிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம். இப்போது குடும்பம் என்றால் அவர் ஒருவர்தான். காலையில் தானே வடித்துத் தானே சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குக் கடையைத் திறப்பார். 'பிச்சு யூசுப் அண்ட் கோ', சுக்கும் ஜாதிக்காயும். யூசுப் என்பது அவருடைய கூட்டாளி யூசுப் ராவுத்தர். இருவரும் ஒரே கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து, ஒரே நாளில் வேலையை விட்டு, முப்பத்தெட்டு வருடமாகச் சேர்ந்து வியாபாரம் செய்தவர்கள்.

யூசுப்புக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை ஆன பிறகு, காக்கநாட்டில் வேலை பார்க்கும் மகள் ஷாஹிதா அவரைத் தன் ஃபிளாட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் கடைக்கு வருவது வியாழக்கிழமை மட்டும்தான், செக்கில் கையெழுத்துப் போட. கணக்கு கூட்டுக் கணக்கு; ஒவ்வொரு செக்கிலும் இரண்டு கையெழுத்து வேண்டும்.

படிவத்தோடு நான் முதல் தடவை கடைக்குப் போனது ஒரு வியாழக்கிழமை. நல்ல வேளை. இல்லாவிட்டால் அந்தக் காட்சி எனக்குக் கிடைத்திருக்காது.

மேசையில் அந்த வாரம் வாங்கிய சரக்கின் மாதிரி ஐந்து காகிதப் பொட்டலங்களில் வரிசையாக இருந்தது. ஒவ்வொரு பொட்டலத்துக்குக் கீழேயும் அந்தந்தச் சரக்குக்கான செக். யூசுப் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். காக்கநாட்டிலிருந்து எர்ணாகுளம், அங்கே பஸ் மாறி மட்டாஞ்சேரி. வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். உட்கார்ந்ததும் சாயா. சாயா முடிந்ததும் முதல் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சுக்கை எடுத்து இரண்டாக உடைத்தார். மூக்கருகே பிடித்தார்.

"எந்தா பட்டரே இது?" என்றார். தமிழ் பிராமணர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "உள்ள ஈரம் கிடக்கு. கண்ணு தெரியலைன்னா மூக்காவது வேலை செய்யணும்ல?"

"ஈரம் உன் மூக்குல இருக்கு, ராவுத்தரே. கையெழுத்தைப் போடு."

"போட மாட்டேன். கிலோவுக்கு ரெண்டு ரூபா குறைச்சுக் கேளு, அப்புறம் போடறேன்."

இதே போல் ஐந்து பொட்டலத்துக்கும் சண்டை. சரக்கை மணக்காமல் யூசுப் கையெழுத்துப் போட்டதே கிடையாது என்று கடையின் மூட்டைக்காரர்கள் சொன்னார்கள். அவர் கிளம்பிப் போக இரண்டு மணி ஆயிற்று. பிச்சுமணி சார் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே போய்விட்டுத் திரும்பி வந்தார். திரும்பி வந்தவர் வேறு ஆளாக இருந்தார். நான் அங்கே உட்கார்ந்திருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

நான் என் பாட்டைப் பாடினேன். நீங்கள் கம்ப்யூட்டரில் பதிவு செய்தால் போதும், யூசுப் சார் வீட்டிலிருந்தபடி போனில் ஒப்புதல் கொடுத்துவிடலாம், இந்த வயதில் இரண்டு பஸ் மாற வேண்டாம், ஒரு நிமிட வேலை. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். கடைசியில் "பாதுகாப்புன்னு ஒரு கட்டம் இருக்கோல்லியோ, அதுல டிக் பண்ணிக்கோங்கோ" என்றார்.

ஒன்றரை வருடம் அந்தக் கட்டத்திலேயே டிக் அடித்தேன். மேலிடத்திலிருந்து மாதாமாதம் கேள்வி வந்தது. ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "சார், உங்களுக்குப் பயமும் இல்லை, தெரியாமலும் இல்லை. கரண்டு பில்லை எல்லாம் போனில்தானே கட்டுகிறீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்" என்றேன்.

மேசையில் கிடந்த ஒரு ஜாதிக்காயை உருட்டிக்கொண்டே சொன்னார். "ராவுத்தர் வரது அந்தக் கையெழுத்துக்காகத்தான். அது வேண்டாம்னு ஆயிட்டா அவன் எதுக்கு வரணும்?"

"ஏன், சும்மா பார்க்க வர மாட்டாரா?"

"முப்பத்தெட்டு வருஷத்துல நாங்க சும்மா பார்த்துண்டதே இல்லை, செல்வி. ஏதாவது சரக்கு இருக்கும், பில்லு இருக்கும், சண்டை இருக்கும். சும்மா எப்படிப் போய்ப் பார்க்கறதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது." பிறகு அவரே சொன்னார். "வியாழக்கிழமை போயிட்டா, அடுத்த வியாழன் வரைக்கும் நான் வாயைத் திறக்கறது மூட்டை எண்ணத்தான்."

தொப்பும்படியில் ஒரு வாடகை அறையில் தனியாக இருக்கிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் போகிற நாட்கள் எனக்கும் உண்டு. அவர் சொன்னது நன்றாகவே புரிந்தது. புரிந்தும் அடுத்த மாதம் படிவத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றேனே, அதைத்தான் சொல்ல வேண்டும். இலக்கு என்று ஒன்றைத் தலையில் கட்டிவிட்டால் மனிதர்கள் எண்ணாகத்தான் தெரிகிறார்கள். எனக்கும் தெரிந்தார்கள்.

போன வருடம் ஜூன் மாதம், மழை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது யூசுப் வழுக்கி விழுந்தார். பெரிய அடி இல்லை; முழங்கால் தோல் உரிந்து வேட்டியில் ரத்தம். ஆனால் எழுந்து நிற்க முடியாமல் நடைபாதையில் உட்கார்ந்திருந்தாராம். பிச்சுமணி சார் ஓடிப்போய்த் தூக்கியபோது மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, "செக்கு நனையலை பாரு" என்று போன வாரம் கையெழுத்துப் போட மறுத்து வீட்டுக்கு எடுத்துப்போன ஒரு செக்கைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாராம்.

மறுநாள் காலை பாங்கு திறக்கும்போதே பிச்சுமணி சார் வாசலில் நின்றார். "அந்த ஃபாரத்தைக் கொண்டா. என் சுகத்துக்காக அவனை ரெண்டு பஸ் மாற வெச்சேன். போதும்" என்றார். எனக்கோ கடைசிக் கணக்கு கைக்கு வந்துவிட்ட சந்தோஷம். மறைத்து என்ன பயன்?

யூசுப்பின் படிவத்தை ஷாஹிதாவிடம் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கினேன். அதில் கைபேசி எண் எழுத ஒரு கட்டம். ஒப்புதல் கொடுப்பதற்கான ஒருமுறைக் கடவுச்சொல், அதாவது ஓ.டி.பி., வரும் எண் அது. "வாப்பாவுக்கு பட்டன் போன்தான், காதும் மந்தம். என் நம்பரைப் போட்டுக்கோங்க சேச்சி" என்றாள். அப்படிப் போடக்கூடாது என்பது விதி. எல்லா வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது என்பது எனக்குத் தெரிந்த நிலவரம். நான் எழுதினேன். அந்தப் பத்து எண்ணும் என் கையெழுத்தில்தான் இன்னும் கோப்பில் இருக்கிறது.

ஜூலையிலிருந்து வியாழக்கிழமை சாயா நின்றது.

பிச்சுமணி சார் பாங்குக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வந்தார். என் எதிரில் உட்கார்ந்து போனை நீட்டி, "பார், பதினொண்ணு பத்துக்கு அப்ரூவ் பண்ணியிருக்கான். சாயா குடிச்சுட்டுப் பண்ணியிருப்பான்" என்பார். இன்னொரு நாள், "ராத்திரி எட்டு மணிக்குப் பண்ணியிருக்கான். இந்நேரத்துக்கு அவன் தூங்கியிருப்பானே, உடம்பு சரியில்லையோ?" என்பார். ஒரே ஆளுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை மூன்றாகப் பிரித்து அனுப்ப ஆரம்பித்தார். அப்படிச் செய்தால் மூன்று ஒப்புதல் வரும். குறிப்பு எழுதுகிற இடத்தில் 'கோதமங்கலம் சுக்கு, ஈரம் இல்லை' என்று எழுதி அனுப்புவார். பதில் குறிப்பு ஒன்றும் வராது. ஒப்புதல் மட்டும் வரும்.

"போன் பண்ணிப் பேசலாமே, சார்?"

"ரெண்டு தடவை பண்ணேன். அவ எடுத்தா. வாப்பா தூங்கறார்னா. அவனுக்கு போன்ல ஒண்ணும் கேக்காது. ஆமாம் ஆமாம்பான்."

"நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்."

"பஸ் ஏறற தொல்லை விட்டுதுன்னு இருப்பான். நான் போய் எதுக்கு நிக்கணும்? வரணும்னு இருந்தா அவன் வருவான்." அந்த முகத்தில் கோபத்தைவிட மானம்தான் அதிகம் இருந்தது. எனக்கு அப்போதே வாயைத் திறந்து, ஒப்புதல் கொடுப்பது யார் என்று சொல்லியிருக்க வேண்டும். விதியை மீறினது நான். சொன்னால் என் வேலைக்கு வினை. பேசியே பிழைக்கிறவள் பேச வேண்டிய இடத்தில் ஊமையாக இருந்தேன்.

ஜனவரியில் அவர் ஒரு காரியம் செய்தார். வெங்கிடாசலம் என்று ஒரு தரகர். பல வருடங்களுக்கு முன்னால் சுக்கில் சுண்ணாம்பு பூசி வெள்ளையாக்கி இவர்கள் தலையில் கட்டியவர். ஏற்றுமதிச் சரக்கு முழுவதும் திரும்பி வந்து, கடை மூழ்கத் தெரிந்தது. அன்றைக்கு யூசுப், இனி இவன் பெயரில் ஒரு செக் எழுதினாலும் உன்னைச் சும்மா விட மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தார். பிச்சுமணி சார் வேண்டுமென்றே அந்த வெங்கிடாசலத்திடம் ஒரு மூட்டை வாங்கி, அவர் பெயருக்குப் பணம் போட்டார்.

"இன்னிக்கு வருவான் பாரு, செல்வி. டாக்சி பிடிச்சுண்டாவது வந்து என் சட்டையைப் பிடிப்பான்." பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். கடையில் சாயாவுக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தாராம்.

இரண்டு நிமிடத்தில் ஒப்புதல் வந்தது.

போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். "வெங்கிடாசலம் பேரைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம விட்டுட்டான்" என்றார். "அவ்வளவுதானா? அவன் என்னை அடியோட விட்டுட்டானா, செல்வி?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். எண் யாருடையது, எழுதியது யார், ஒப்புதல் எல்லாம் யார் கொடுத்தது, எல்லாம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "அப்போ ஏழு மாசமா நான் யார்கூட பேசிண்டிருந்தேன்?"

அன்று மத்தியானமே அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவரோடு காக்கநாட்டுக்குப் போனேன். விலாசம் என்னிடம்தான் இருந்தது. பதினோராவது மாடி. வீட்டு வேலை செய்கிற அம்மிணி கதவைத் திறந்தாள். ஷாஹிதா ஆபீசில் இருந்தாள். யூசுப் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் இருந்தார். பாதியாக இளைத்திருந்தார். மடியில் கிடந்த வலது கை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

பிச்சுமணி சாரைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எதுக்கு வந்தே?" என்றார். "கடையை மூடியாச்சுன்னு சொல்லவா? இல்ல, வேற ஆளைச் சேர்த்தாச்சுன்னு சொல்லவா?"

"எந்தாடா சொல்றே?"

"காலு தேறினதும் வியாழன்தோறும் சட்டை போட்டு உக்காந்தேன். நீ செக்கும் கொண்டு வரலை, வான்னு ஒரு வார்த்தையும் இல்லை. பாங்குல இருந்து ஏதோ பேப்பர் வந்தது, போட்டேன். அன்னைக்கே நினைச்சேன், நீ என்னை வெட்டி விட்டுட்டேன்னு. ஏழு மாசம். என் கையெழுத்து இல்லாம எப்படிடா நடத்தினே, பட்டரே?"

அந்தப் படிவம் என்னவென்று யாரும் அவருக்குச் சொல்லவே இல்லை. மகள் அவசரத்தில் நீட்டினாள், அவர் போட்டார். வாப்பாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று அவள் நல்லெண்ணத்தில்தான் செய்தாள். நானும் நல்லதுதான் செய்தேன் என்று சான்றிதழ் சொல்கிறது. நான் சுவரோடு சுவராக நின்றேன். பிச்சுமணி சார் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். யூசுப்பின் காதருகே போய்ச் சத்தமாக, "உன் கையெழுத்து இல்லாம எங்கடா நடந்தது? சரக்கே வாங்கலை. கடை சும்மாத்தான் கிடந்தது. வர வியாழக்கிழமை செக்கு கொண்டு வரேன்" என்று பொய் சொன்னார்.

சொன்னபடி போனார். பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டு போனார். யூசுப் சுக்கை உடைத்து மணந்து, ஈரம் என்று சண்டை போட்டு, கையெழுத்துப் போட்டாராம். மறுநாள் அந்த நான்கு செக்கும் என் மேசைக்கு வந்தன. நான்கிலும் யூசுப்பின் கையெழுத்து நான்கு விதமாக இருந்தது. எங்களிடம் இருந்த மாதிரிக் கையெழுத்தோடு ஒன்றும் சேரவில்லை. உண்மையான கையெழுத்து என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் அந்தச் செக்குகளைத் திருப்பித்தான் அனுப்ப வேண்டும், அனுப்பினேன்.

பிச்சுமணி சாரை உட்காரவைத்து வழிகளைச் சொன்னேன். புது மாதிரிக் கையெழுத்து எடுக்கலாம். ஆனால் அந்தக் கை தினம் ஒரு விதமாகப் போடும். அதைவிட, பிச்சுமணி சார் ஒருவரே கணக்கை நடத்தலாம் என்று மாற்றி எழுதிக் கொடுத்தால் போதும். அதற்கு யூசுப் ஒரு காகிதத்தில் சம்மதம் தர வேண்டும். நான் நேரில் வந்து சாட்சியாக நின்று வாங்கிக்கொள்கிறேன்.

"இனிமே உன் கையெழுத்து வேண்டாம்னு எழுதி, அதுல அவன்கிட்டயே கையெழுத்து வாங்கச் சொல்றியா?" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

இப்போது நடப்பது இதுதான். வியாழக்கிழமைதோறும் அவர் கடையை மூட்டைக்காரர்களிடம் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிக் காக்கநாடு போகிறார். யூசுப் மணந்து, திட்டி, கையெழுத்துப் போடுகிறார். மாலையில் கடைக்குத் திரும்பி வந்து அந்தச் செக்குகளைக் கிழித்துவிட்டு, கம்ப்யூட்டரில் பணம் போடுகிறார். ஷாஹிதா ஒப்புதல் கொடுக்கிறாள். எண்ணை மாற்றச் சொல்லி நான் இன்னும் கடிதம் அனுப்பவில்லை. அனுப்ப வேண்டும்.

போன வாரம் புது செக் புத்தகம் வாங்க வந்திருந்தார். இந்த வருடத்தில் நாலாவது. ஒரு செக்கும் பாங்குக்கு வந்ததில்லை. புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, இப்போது நிம்மதியாக இருக்கிறதா சார் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"போறேன், சண்டை போடறோம், சாயா குடிக்கறோம். எல்லாம் பழையபடிதான்" என்றார். "அவன் கையெழுத்துலதான் கடை ஓடறதுன்னு இருக்கான். முப்பத்தெட்டு வருஷத்துல அவன்கிட்ட நான் ஒளிச்சது ஒண்ணும் கிடையாது. இது ஒண்ணு நெஞ்சுல கிடந்து அறுக்கறது. பஸ்ஸுல வரச்சே யார்கிட்டயாவது சொல்லி ஒரு பாட்டம் அழுதுட்டாத் தேவலைன்னு இருக்கும். அப்படிச் சொல்லி அழ எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தானே, செல்வி?"